பாலைவன ஆறு காய்ந்தால் மீன் எங்கே போகிறது?

கெடிலக்கரை (கடலூர்):
எங்கள் பக்கம் கெடிலம் சித்திரை, வைகாசியில் வெறும் மணலும் முள்ளுமாகக் கிடக்கும். ஐப்பசி மழையில் தண்ணீர் வந்த கொஞ்ச நாளிலேயே பையன்கள் தூண்டிலோடு உட்கார்ந்துவிடுவார்கள், கெண்டையும் கெளுத்தியும் மாட்டும். மழையோடு மீனும் விழும் என்பார்கள் பெரியவர்கள். சரி, இதாவது வருடா வருடம் தண்ணீர் பார்க்கும் ஆறு. ஆஸ்திரேலியாவின் நடுவில் கூப்பர் க்ரீக் என்று ஓர் ஆறு, சில சமயம் ஒரு வருடத்துக்கு மேல்கூட ஓடாமல் கிடக்குமாம், அதிலும் மீன் நிறைய. எப்படி? சேற்றுக்குள் போய்விடுகிறதா, முட்டை மட்டும் மிஞ்சுகிறதா?

பாகூரான்:
கூப்பர் க்ரீக்கில் இரண்டும் இல்லை. மடுதான் விஷயம். ஆறு ஓடுவது நின்ற பிறகும் வழியில் ஆழமான மடுக்கள் அங்கங்கே தங்கிவிடும், மீன் அத்தனையும் அதற்குள் ஒடுங்கிவிடும். அந்த வெயிலில் வருடத்துக்கு 2 மீட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாகிறது, அப்படியென்றால் இரண்டு வருட வறட்சியைத் தாண்ட ஒரு மடுவுக்கு 4 மீட்டர் ஆழமாவது வேண்டும், கணக்கு அவ்வளவுதான். அடியில் களிமண் படிந்து இறுகியிருப்பதால் தண்ணீர் கீழே இறங்குவதில்லை, வெயில் குடிப்பது மட்டும்தான் நஷ்டம்.

மடுவுக்குள் சுகமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் சுண்டச் சுண்ட சூடும் உப்பும் ஏறும், ஆக்ஸிஜன் குறையும். போனி பிரீம் என்ற மீன் முதலில் செத்து மிதக்கும். பாலைவன உளுவை என்று ஒரு குட்டி மீன் அந்தப் பக்கத்து ஊற்றுகளில் இருக்கிறது, அது கடல்நீரைவிட உப்பான தண்ணீரிலும் தாங்கும், மூச்சு முட்டினால் மேலே வந்து காற்றை வாயில் வாங்கிக்கொள்ளும்.

அப்புறம் வெள்ளம் வந்ததும் மிஞ்சியவை பரவுகிற வேகம் இருக்கிறதே, அதுதான் எனக்கு ஆச்சரியம். ஸ்பேங்கிள்ட் பெர்ச் என்ற மீன் வண்டித் தடத்தில் தேங்கிய தண்ணீரில்கூட நீந்தி அடுத்த குட்டைக்குப் போய்விடும். 2010-ல் லஜமனு என்ற பாலைவன ஊரில் மீன் மழை பெய்ததாகச் செய்தி வந்ததே, அதுவும் இந்த மீன்தான். பெரியவர்கள் சொல்வதற்கும் இப்படி ஏதாவது அடிப்படை இருக்கும். ஆனால் பரவிய எல்லாம் பிழைப்பதில்லை. 1974-ல் கூப்பர் க்ரீக் போய்ச் சேரும் ஐர் ஏரி நிரம்பியது, பிறகு அது வற்றி உப்பு ஏறியபோது உள்ளே போன மீனெல்லாம் செத்தது. அடுத்த வெள்ளத்துக்கு மறுபடி மடுவில் இருந்தவைதான் விதை.

வில்லியனூர் விவசாயி:
சேற்றுக்குள் இருப்பதும் உண்மைதான், ஆனால் வேறு மீன், வேறு நாடு. ஆப்பிரிக்க நுரையீரல் மீன் சேற்றில் குழி பறித்து, உடம்பிலிருந்து வரும் கோழையாலேயே ஒரு கூடு கட்டிக்கொண்டு, வருடக்கணக்கில் கிடக்கும். முட்டை மிஞ்சுவது மொசாம்பிக், ஜிம்பாப்வே பக்கத்துக் கில்லி மீனில். குட்டை காய்ந்தால் பெரிய மீன் எல்லாம் காலி, முட்டை மட்டும் காய்ந்த மண்ணுக்குள் வளர்ச்சியை நிறுத்திவைத்துக் காத்திருக்கும். மழை வந்தால் பொரித்து இரண்டே வாரத்தில் முட்டையிடும் வயதுக்கு வந்துவிடும்.

நம்மிடம் விரால், தேளி, பனையேறி மூன்றும் நேராகக் காற்றை சுவாசிக்கும். குட்டை வற்றும்போது விரால் ஈரச்சேற்றில் புதைந்துகொள்ளும், சேறு காயாதவரை உடம்புக் கொழுப்பிலேயே ஓட்டும். எங்கள் குட்டையில் அடிச்சேற்றை மண்வெட்டியால் புரட்டினால் கருகருவென்று வழவழப்பாக, உயிரோடு நெளியும். ஆனால் கெண்டைக்கு இதெல்லாம் முடியாது. தண்ணீர் இல்லாவிட்டால் செத்தது செத்ததுதான்.

கெடிலக்கரை:
இரண்டு பேருக்கும் நன்றி. அப்போ கெடிலத்துக் கெண்டை எங்கே தங்குகிறது? எங்களிடம் களிமண் மடு இல்லையே, மணல்தானே?

பாகூரான்:
மணல் ஆற்றில் மடுவைக் காப்பாற்றுவது நிலத்தடி நீர். நீர்மட்டம் மேலே இருந்தால் பள்ளத்தில் ஊற்றுத் தண்ணீர் கோடையிலும் நிற்கும். அணைக்கட்டுக்குக் கீழே உள்ள பள்ளம், ஆற்றோடு வாய்க்கால் தொடர்புள்ள ஏரி, இவற்றிலும் மீன் தங்கும், வெள்ளத்தில் அங்கிருந்து இறங்கும். கூப்பர் க்ரீக்கை அணை கட்டி மறிக்காமல் விட்டிருப்பதால் மடுக்கள் அப்படியே இருக்கின்றன. நம் ஆறுகளில் மணலை அள்ளி அள்ளி நீர்மட்டமே கீழே போய்விட்டது, மிச்சம் நிற்கும் பள்ளத்திலும் மோட்டார் போட்டு இறைக்கிறார்கள். எனக்கு இதில்தான் வயிறு எரிகிறது. ஆற்றில் தண்ணீர் ஓடாத மாதங்களில்தான் அந்தப் பள்ளத்தை யாரும் தொடக்கூடாது, நாம் தொடுவதும் சரியாக அப்போதுதான்.

வில்லியனூர் விவசாயி:
கடைசி முழத் தண்ணீரையும் இறைத்து மீன் பிடிப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்கள் பக்கம் வருடா வருடம் நடக்கிறது. கெடிலக்கரை தம்பி, இந்த வைகாசியில் ஊருக்கு மேலே எந்தெந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது என்று நடந்து பார்த்து இங்கே எழுதுங்களேன்.