அரை ஆயுளா, பாதியாகுகாலமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பாறைகளின் வயதைக் கணிப்பது தொடர்பான சொற்பட்டியலில் 'அரை ஆயுள்' (கதிரியக்க அணுக்கள் சிதைந்து வேறு அணுக்களாக மாறி, எண்ணிக்கையில் பாதியாகக் குறைய ஆகும் காலம்) என்பதை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று சென்ற மடலில் கூறப்பட்டிருந்தது. பாடநூல்களில் வேரூன்றிய சொல் என்பதால் அதைத் தொட எனக்கும் தயக்கம்தான். ஆனால் கதிரியக்கச் சிதைவைப் பகடைகளைக் கொண்டு மாணவர்களுக்கு விளக்கப் போனபோது, அவர்கள் இடறியது கணக்கில் அன்று, இந்தச் சொல்லில் என்பதைக் கண்டேன்.

நூறு பகடைகளை உருட்டி, ஆறு விழுந்தவற்றைச் சிதைந்த அணுக்கள் என்று விலக்கிவிட்டு, எஞ்சியவற்றை மீண்டும் உருட்டுகிறோம். எண்ணிக்கை சராசரியாக 83, 69, 58, 48 என்று இறங்கும். கணக்கின்படி ஏறத்தாழ 3.8 உருட்டல்களில் பாதியாகும். ஒரு பகடை விலக்கப்படும் வரை உருட்டப்படுவது சராசரியாக 6 முறை. அதுவே அதன் சராசரி ஆயுள். ஆறில் பாதி மூன்றாயிற்றே, 'அரை ஆயுள்' எப்படி 3.8 ஆகும் என்று ஒரு மாணவி கேட்டாள். கேள்வி நியாயமானது. கார்பன்-14இன் சராசரி ஆயுள் ஏறத்தாழ 8,267 ஆண்டுகள். அரை ஆயுள் என்று நாம் எழுதுவதோ 5,730 ஆண்டுகள். ஒன்று மற்றதன் பாதி அன்று என்பதை ஒவ்வொரு முறையும் அடிக்குறிப்பு போட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டு அரை சேர்ந்தால் ஒன்று என்ற மயக்கமும் உண்டு. யுரேனியம்-235 பாதியாக 70.4 கோடி ஆண்டுகள் ஆகின்றன. 'முழு ஆயுள்' 140.8 கோடி என்றால், 454 கோடி ஆண்டு வயதுள்ள புவியில் அது துளியும் மிஞ்சியிருக்கக் கூடாது. உண்மையில், புவி தோன்றியபோது இருந்ததில் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக இன்றும் எஞ்சியுள்ளது.

ஆயினும் பாறை வயதைப் பொறுத்தவரை, 'ஆயுள்' என்ற சொல் செய்யும் பெரிய கேடு வேறு. பாறைகளில் காணப்படும் சிர்க்கான் என்னும் கனிமத்தின் படிகம் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே ஏற்றுக்கொள்கிறது. ஈயத்தைப் பெரும்பாலும் புறந்தள்ளிவிடுகிறது. எனவே இன்று அதனுள் காணப்படும் ஈயம் ஏறக்குறைய முழுவதும் அங்கேயே யுரேனியத்திலிருந்து பிறந்தது எனக் கொண்டு, சேயான ஈயத்துக்கும் தாயான யுரேனியத்துக்கும் உள்ள விகிதத்திலிருந்து படிகத்தின் வயதைப் பெறுகிறோம். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த சுமார் 440 கோடி ஆண்டுப் பழமையான சிர்க்கானில், எஞ்சிய ஒவ்வொரு நூறு யுரேனியம்-238 அணுவுக்கும் ஏறத்தாழ 98 ஈயம்-206 அணுக்கள் இருக்கும் என்று கணக்கிடலாம். இங்கே 'ஆயுள்' என்று பழகியவர், அந்த யுரேனியம் புவிக்கும் முந்தியதாயிற்றே, படிகத்துக்குள் நுழையும் முன்பே ஆயுளில் எவ்வளவு கழிந்திருந்தது என்று கேட்கத்தான் செய்வார். அணுவுக்கு மூப்பு என்பதே இல்லை. நேற்றுப் பிறந்த யுரேனியம்-238 அணுவும் அறுநூறு கோடி ஆண்டு இருந்த அணுவும் நாளை சிதைவதற்கான வாய்ப்பு ஒன்றே. அதனால்தான் படிகம் உருவான கணத்தைக் கடிகாரத்தின் தொடக்கமாக வைத்துக்கொள்ள முடிகிறது.

மாற்றாக முன்வைக்கப்பட்ட 'பாதிக்காலம்' எனக்கு உவப்பாக இல்லை. 'பாதிக்காலம் வீணாயிற்று' என்பதுபோல ஏதோ ஒரு காலத்தின் பாதியைத்தான் அது சுட்டும். 'அரைக்காலம்' அதனினும் மோசம். அரைக்கால் என்றால் எட்டில் ஒரு பங்கு. 'பாதிப்புக்காலம்' என்று எழுதிய நண்பர் கதிரியக்கத்தின் தீங்கை எண்ணியிருந்தால் அது வேறு பட்டியலுக்குரியது.

என் பரிந்துரை 'பாதியாகுகாலம்'. ஆகுபெயர் போலவே ஆகுகாலமும் வினைத்தொகை. ஆகவே 'பாதியாகுக்காலம்' என்று ஒற்று மிகாது. வினைத்தொகையில் பாதியான, பாதியாகின்ற, பாதியாகும் என மூன்று காலமும் கரந்து நிற்பது இங்கே பொருளுக்கும் பொருந்துகிறது: எந்தக் கணத்திலிருந்து எண்ணத் தொடங்கினாலும் இருப்பதில் பாதி குறைய அதே கால அளவுதான். ஜெர்மன் மொழியிலும் இதற்கு வழங்கும் சொல் 'அரை மதிப்பு நேரம்' என்றே பொருள்படும். ஆயுள் அதில் இல்லை. இரத்தத்தில் மருந்தின் அளவு பாதியாகும் நேரத்துக்கும் இச்சொல் தடையின்றிப் பயன்படும். அங்கே எதுவும் சாவதில்லையே.

சொல் நீளம் என்ற குறையை ஏற்கிறேன். 'அரை ஆயுட்காலம்' என்பதை விட ஓரெழுத்துதான் குறைகிறது. பழைய சொல்லைத் தேடி வருவோருக்காக அதைப் பட்டியலில் 'காண்க' என்று இட்டு வைப்போம். வரையறை வாசகம் இவ்வாறு அமையலாம்: "பாதியாகுகாலம் – ஒரு மாதிரியில் எந்தக் கணத்திலும் உள்ள கதிரியக்க அணுக்களின் எண்ணிக்கை, அக்கணத்திலிருந்து பாதியாகக் குறைவதற்கு ஆகும் கால அளவு." 'எந்தக் கணத்திலும்' என்பதைச் சுருக்கத்துக்காக வெட்டிவிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.