ஜன்னல் திறந்தால் ஏசி நிற்க வேண்டும்: லாட்ஜில் ஒட்டிய ஒயர்லெஸ் சென்சார்கள் அடிக்கடி காணாமல் போகின்றன

சிம்மக்கல் லாட்ஜ்:

வணக்கம். மதுரை சிம்மக்கல் பக்கம் மாமாவின் லாட்ஜை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கீழ்த்தளம், மேலே இரண்டு மாடி, எல்லாம் ஏசி ரூம். வருகிறவர்கள் ஏசியை 18இல் வைத்துவிட்டு, துணி காயப்போடவோ சிகரெட் பிடிக்கவோ ஜன்னலைத் திறந்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். சித்திரைத் திருவிழா மாத கரண்ட் பில்லைப் பார்த்ததிலிருந்து மாமா என்னை நிம்மதியாக விடவில்லை.

ஜன்னல் திறந்து 2 நிமிடம் ஆனால் ஏசி ஆஃப் ஆக வேண்டும், அவ்வளவுதான். ஜன்னலுக்கு ஜிக்பீ (குறைந்த கரண்டில் ஓடும் ஒயர்லெஸ் முறை) சென்சார், ரூமுக்கு ஒரு வைஃபை ஐஆர் பெட்டி (ரிமோட் போல ஏசிக்குக் கட்டளை அனுப்புவது), சிக்னலைக் கடத்த மாடி ரூம்களில் ஆங்காங்கே ஜிக்பீ ஸ்மார்ட் பிளக் என்று வாங்கினேன். இவற்றையெல்லாம் இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் சாஃப்ட்வேர் ரிசப்ஷன் கம்ப்யூட்டரில். ஜிக்பீ சிக்னலை வாங்கும் யுஎஸ்பி டாங்கிளை சிபியு பின்பக்கம் செருகியிருக்கிறேன்.

கீழ்த்தளத்தில் தேக்கு ஜன்னல், அங்கே வம்பே இல்லை. மாடியில் எல்லாம் இரும்பு ஜன்னல். நன்றாக மூடிக் கொக்கி போட்டாலும் ‘திறந்திருக்கிறது’ என்றே காட்டுகிறது. இதைவிடப் பெரிய தலைவலி இன்னொன்று. மேசையில் வைத்துப் பேரிங் (சென்சாரை ஹோம் அசிஸ்டன்ட்டோடு இணைப்பது) செய்தால் உடனே சேர்ந்துகொள்கிறது. மாடியில் ஒட்டியபின், ரூம்காரர்கள் காலையில் கோயிலுக்குக் கிளம்பினால் அந்த ரூம் சென்சார் காணாமல் போகிறது. அவர்கள் திரும்பியதும் சில வருகின்றன, சில வருவதே இல்லை. கடைக்காரர் சென்சார் பழுது என்று மாற்றிக் கொடுத்தார். புதிதும் அதே கதைதான். யாராவது வழி சொல்லுங்கள்.

திருமங்கலம் வயர்மேன்:

தம்பி, சென்சார் பழுதாக இருக்காது. நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிக் கோளாறு, ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

முதலில் இரும்பு ஜன்னல். ஜன்னல் சென்சார் இரண்டு துண்டாக வரும்: ஒன்று சென்சார், மற்றது காந்தம். சென்சாருக்குள் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் இரண்டு மெல்லிய தகடு. காந்தம் பக்கத்தில் வந்தால் தகடுகள் ஒட்டும், விலகினால் பிரியும். காந்தத்தை நேராக இரும்பில் ஒட்டினால் அதன் இழுவையில் ஒரு பங்கை இரும்பே வாங்கிக்கொள்ளும். தேக்கில் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளியில் வேலை செய்வது இரும்பில் அரை சென்டிமீட்டரிலேயே திணறும். சென்சார், காந்தம் இரண்டுக்கும் அடியில் 5 அல்லது 6 மில்லிமீட்டர் கனத்துக்கு ஹைலம் ஷீட்டோ (சுவிட்ச் போர்டுக்குப் போடும் கெட்டியான தகடு) பிவிசி துண்டோ வையுங்கள். பழைய சுவிட்ச் போர்டு ஷீட்டை அறுத்தாலே போதும், கடைக்குப் போக வேண்டாம். சென்சாரின் பக்கவாட்டில் ஒரு கோடு இருக்கும், காந்தம் அந்தக் கோட்டுக்கு நேரே வர வேண்டும். ஒட்டுவதற்கு முன் கையால் பிடித்துக்கொண்டு கதவை மூடித் திறந்து, போனில் மாறுகிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் டேப்பை உரிப்பவர்கள்தான் அதிகம்.

கீல் பக்கம் ஒட்டாதீர்கள். அங்கே கதவு அரை அடி திறந்தாலும் காந்தம் கொஞ்சம்தான் நகரும். கொக்கி பக்கம்தான் சரி. இரட்டைக் கதவாக இருந்தால் எது முதலில் திறந்தாக வேண்டுமோ அந்தக் கதவில் காந்தம்.

இனி காணாமல் போகிற விஷயம். ஒரு கேள்வி: உங்கள் ரூமில் சாவி வளையத்தைச் செருகினால்தான் கரண்ட் வருமா?

சிம்மக்கல் லாட்ஜ்:

ஆமாம் அண்ணே, எல்லா ரூமிலும் கீ டேக் சுவிட்ச்தான். சாவியை உருவினால் லைட், ஃபேன், ஏசி, பிளக் எல்லாம் போய்விடும். ஓ... ஸ்மார்ட் பிளக்கும் அதில்தான் இருக்கிறது.

திருமங்கலம் வயர்மேன்:

அங்கேதான் இருக்கிறது சங்கதி. ஜிக்பீயில் பேட்டரியில் ஓடும் சென்சார் அடுத்த சென்சாரின் சேதியைக் கடத்தாது. தன் சேதியைச் சொல்லிவிட்டுத் தூங்கிவிடும். கடத்துகிற வேலை கரண்டில் ஓடும் பிளக், ரிலே (லைனை இணைத்து வெட்டும் சுவிட்ச்) போன்றவற்றுக்குத்தான். ரூமில் இருக்கும் பிளக்கைத்தான் சென்சார் பிடித்துக்கொண்டிருந்திருக்கும். சாவியை உருவியதும் பிளக் செத்துவிடுகிறது. நல்ல சென்சார் வேறு துணையைத் தேடிப் பிடிக்கும். மலிவானது கொஞ்ச நேரம் தேடிவிட்டு, யாராவது பட்டனை அமுக்கும்வரை சும்மா கிடக்கும். இப்படித் தேடித் தேடியே பேட்டரியும் சீக்கிரம் தீரும்.

எல்லாப் பிளக்கையும் ரூமிலிருந்து எடுத்து வராண்டாவில், மாடிப்படி பக்கம் போடுங்கள். வராண்டா லைட் இன்வெர்ட்டர் லைனில்தானே இருக்கும்? பிளக்கும் அதே லைனில் இருக்கட்டும், ரிசப்ஷன் கம்ப்யூட்டரும் அப்படியே. இல்லாவிட்டால் மாதப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துகிற நாளில் மறுபடியும் இதே கூத்துதான். பிளக் பாயிண்ட் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தால் நல்லது. கீழே இருந்தால் யாராவது பிடுங்கிவிட்டு போன் சார்ஜரைச் செருகுவார்கள்.

பிளக்குகளை இடம் மாற்றி ஒரு ராத்திரி விடுங்கள். அப்புறம் சென்சாரைப் பழைய பட்டியலிலிருந்து நீக்கி, அது ஒட்டப்போகும் ஜன்னல் பக்கத்திலேயே நின்று பேரிங் செய்யுங்கள், மேசையில் வேண்டாம். பட்டனை 5 விநாடி போல அமுக்கினால் லைட் மினுக்கும். ஹோம் அசிஸ்டன்ட் அதன் விவரத்தை வாங்கி முடிக்கும்வரை இடையிடையே பட்டனைத் தட்டிக்கொண்டே இருங்கள், தூங்கவிடாதீர்கள்.

கே.கே.நகர் சிஸ்டம் அட்மின்:

வயர்மேன் அண்ணன் சொன்னதற்கு மேல் இரண்டு விஷயம். டாங்கிளை சிபியுவில் நேரடியாகச் செருகாதீர்கள். யுஎஸ்பி 3 போர்ட்டும் அதில் மாட்டிய ஹார்ட் டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே இரைச்சல் கிளப்பும், ஜிக்பீ ஓடுவதும் அங்கேதான். போதாததற்கு சிபியு இரும்புப் பெட்டி வேறு. ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி டாங்கிளை அதில் மாட்டி, வைஃபை ரவுட்டரிலிருந்தும் தள்ளி, உயரத்தில் வையுங்கள். பலருக்கு இதிலேயே பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

இரண்டாவது, சேனல். ஜிக்பீக்கு 11 முதல் 26 வரை சேனல்கள். சிம்மக்கல் மாதிரி நெருக்கமான இடத்தில் அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் வைஃபை சேனல் 1, 6, 11இல் குவிந்திருக்கும் (வைஃபையின் எண்கள் வேறு, ஜிக்பீயின் எண்கள் வேறு). ஜிக்பீ 25 அந்த மூன்றுக்கும் வெளியே நிற்கிறது. 26ஐச் சில சாதனங்கள் ஏற்பதில்லை. எப்படியும் எல்லாவற்றையும் மறுபடி பேரிங் செய்யப்போகிறீர்கள், அதற்கு முன்பே சேனலை மாற்றிவிடுங்கள். பின்னால் மாற்றினால் சில சென்சார்களுக்கு மறுபடி மாடி ஏற வேண்டிவரும்.

அப்புறம், சென்சார் ‘தெரியவில்லை’ என்று ஆனால் ஏசியை நிறுத்தும்படி விதி எழுதாதீர்கள். ‘திறந்திருக்கிறது’ என்று உறுதியாக வந்தால் மட்டும் நிறுத்துங்கள். பேட்டரி தீர்ந்து ராத்திரி 2 மணிக்கு ஏசி நின்றால் ரிசப்ஷனில் படுத்திருக்கும் பையன்தான் திட்டு வாங்குவான்.

சிம்மக்கல் லாட்ஜ்:

ஒரு ரூமில் மட்டும் சோதித்தேன். வராண்டாவுக்குப் பிளக்கை மாற்றியதும், சாவியை உருவினாலும் சென்சார் அப்படியே நிற்கிறது! ஹைலம் துண்டு வைத்ததும் ‘மூடியிருக்கிறது’ என்று வந்துவிட்டது. இன்னும் ஒரு சந்தேகம். கீழ்த்தளத் தேக்கு ஜன்னலில் மேலே இரண்டு கதவு, கீழே இரண்டு கதவு. கீழ்க்கதவில் மட்டும்தான் சென்சார் போட்டிருக்கிறேன், ஆட்கள் மேல்கதவைத் திறந்து வைக்கிறார்கள். ஐஆருக்குப் பதில் ரிலே போட்டு ஏசி லைனையே வெட்டிவிடலாமா என்றும் மாமா கேட்கிறார்.

திருமங்கலம் வயர்மேன்:

மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று, வேறு வழியில்லை. இரண்டில் எது திறந்தாலும் ஒரே விதி. மரத்தில் டேப்பை நம்பாதீர்கள், ஆயில் பெயின்ட் மேல் ஒட்டிய டேப் மேற்கு வெயிலில் நெகிழ்ந்து விழும். அரை இஞ்ச் ஸ்க்ரூ போடும் வசதி சென்சாரில் இருந்தால் அதுதான் நிலைக்கும். இரும்பு ஜன்னலில் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் காயவிட்டு, ஹைலமை சிலிக்கான் பசை வைத்து ஒட்டுங்கள். எதுவானாலும் உள்பக்கம்தான், மழை படக் கூடாது.

ரிலே போட்டு ஏசி லைனை வெட்ட வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லுங்கள். ஓடுகிற கம்ப்ரஸரை அடிக்கடி லைனில் வெட்டினால் அதன் ஆயுள் குறையும், சின்ன ரிலேயின் கான்டாக்டும் கருகும். ஐஆரில் ஆஃப் சொல்வதே நல்லது. ஜன்னலை மூடியதும் ஏசியைத் தானாக ஆன் செய்யாதீர்கள், அவர்களே ரிமோட்டை எடுக்கட்டும்.

ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு சென்சாரின் பின்பக்க ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்து, ‘204 மேல்’, ‘204 கீழ்’ என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டியபின் அந்த எண் சுவர்ப்பக்கம் போய்விடும். பேட்டரி பெரும்பாலும் சிஆர்2032தான், பெட்டியைப் பார்த்துவிட்டு டவுன்ஹால் ரோடு பக்கம் மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விற்ற கடையிலேயே கேட்டால் விலை அதிகம் சொல்வார்கள்.