வேர்ட்பிரஸ் தளத்தைச் சுத்தமாக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி வேணும். உரும்பிராயில் எங்கள் சனசமூக நிலையத்தின் வேர்ட்பிரஸ் தளத்தைக் கைபேசியில் திறந்தால் சூதாட்டப் பக்கத்துக்கு ஓடுகிறது. கணினியில் ஒழுங்காகத்தான் வருகிறது! தொடர்புப் படிவத்துக்குப் போட்ட பிளகின் (தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் செருகுநிரல்) மீதுதான் சந்தேகம், அதை நீக்கியாச்சு.

ஆனால் நீக்கினால் மட்டும் போதாதே. உதாரணத்துக்கு, 2020இல் ஃபைல் மேனேஜர் என்ற பிளகினில் இருந்த ஓட்டை வழியாக, ஹேக்கர்கள் கடவுச்சொல்லே இல்லாமல் பலரின் தளங்களில் பிஎச்பி கோப்புகளை (சர்வரில் ஓடும் நிரல்களை) ஏற்றினார்கள். 6.9 பதிப்பு ஓட்டையை அடைத்தது, சரி. ஏற்கெனவே ஏறிய கோப்பு தானாகப் போகாது. எங்கள் அப்லோட்ஸ் கோப்புறையிலும் ஒரு பிஎச்பி கோப்பு கிடக்கிறது. அங்கே படங்கள்தானே இருக்க வேண்டும்?

பயனர் பட்டியலில் காட்டாத அட்மின் கணக்கை டேட்டாபேஸில் எந்த அட்டவணையில் தேடுவது? பேக்கப் இருக்கிறது, அதுவும் கெட்டதா என்று எப்படி அறிவது? யாழ் டவுன் பக்கம் நேரில் வந்து பார்க்கக்கூடியவர் என்றால் இன்னும் நல்லம். நியாயமான காசு தருவோம்.