தேங்காய் எண்ணெய் விட்டு வடிச்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சா சோத்துல கலோரி பாதியாகுமா?

மலைக்கோட்டை_மாடிவீடு:

வணக்கம் மக்களே. அப்பாவுக்கு சுகர், மாத்திரை மட்டும்தான், இன்சுலின் இல்ல, போன தடவ ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்) 8.2 வந்துச்சு. எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல சித்தி ஒரு வீடியோ போட்டாங்க, கொதிக்கிற தண்ணில ஒரு ஸ்பூன் தேங்கா எண்ணெய் விட்டு அரிசிய போட்டு வடிச்சு, 12 மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வெச்சு, மறுநாள் சூடு பண்ணி சாப்ட்டா கலோரி பாதிக்கு பாதி கொறஞ்சிடும், சுகரும் ஏறாது, இலங்கை விஞ்ஞானிங்க கண்டுபிடிச்சதுனு. அதுலேர்ந்து அம்மா ராத்திரியே வடிச்சு உள்ள வெச்சிடறாங்க. பிரச்சனை என்னன்னா அப்பா "அதான் பாதி கலோரியாச்சே"னு ரெண்டு கரண்டி கூடப் போட்டுக்கறாரு, கேட்டா வீடியோவ எடுத்து காட்றாரு.

நான் படிச்சது பி.காம், இந்த ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச் (செரிக்காத மாவுச்சத்தாம்) சமாச்சாரம்லாம் எனக்கு ஏறல. தேடிப் பாத்தா பாதி பேரு சூப்பர்ங்கறான் பாதி பேரு புருடாங்கறான். அந்த ஆராய்ச்சி நெஜமாவே நடந்துச்சா, திரும்ப சூடு பண்ணா அந்த எஃபெக்ட் போயிடாதா, அப்பறம் நம்ம பழைய சோறும் இதேதானா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ், அப்பாவ நிறுத்தணும்னா எனக்கு கையில ஏதாவது வேணும்.

நொய்யல்கரை:

இதுக்கெல்லாம் எதுக்குங்க ஆராய்ச்சி. எங்க அப்பத்தா காலைல பழைய சோறு, ரெண்டு சின்ன வெங்காயம், மோரு, அவ்ளோதான், கடைசி வரைக்கும் சுகர்னா என்னன்னே தெரியாது. மாப்பிள்ளை சம்பாவுக்கு மாறுங்க, கருங்குறுவைக்கு மாறுங்க, வெள்ள அரிசிய தூக்கிப் போடுங்க. எண்ணெய் ஊத்தி சோறாக்கறதெல்லாம் நமக்கு எதுக்குங்க.

மாவுச்சத்து_மணி:

ஃபுட் டெஸ்டிங் லேப்ல வேல பாக்கறேன், ஸ்டார்ச் அளக்கறதுதான் தெனப்படி சோலி, அதனால கொஞ்சம் நீளமாத்தான் வரும் பொறுத்துக்கங்க.

ஆராய்ச்சி நடந்தது நெஜம். 2015 மார்ச்ல டென்வர்ல அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி மாநாட்டுல, கொழும்பு காலேஜ் ஆஃப் கெமிக்கல் சயன்சஸ்ல படிச்சிட்டிருந்த ஒரு இளங்கலை மாணவரும் அவரோட கைடும் வெச்ச வேல அது. இலங்கைல கெடைக்கிற 38 ரக அரிசிய எடுத்தாங்க, அரிசி எடைல 3 சதவீதம் தேங்கா எண்ணெய், வேக வெச்சு 12 மணி நேரம் ஃப்ரிட்ஜ். ஒரு ரகத்துல ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச் 10 மடங்கு கூடுச்சுன்னாங்க. சரியான ரகத்துல இத பண்ணா கலோரி 50, 60 சதவீதம் கொறையலாம்னு ஒரு கணிப்பும் சொன்னாங்க. கணிப்புதான், மனுசங்களுக்கு குடுத்து பாக்கறது இனிமேதான்னு அவங்களே அப்பவே சொல்லிட்டாங்க. வாட்ஸ்அப்புக்கு வந்து சேரறதுக்குள்ள "கொறையலாம்"ல இருந்த "லாம்" கழண்டு "கொறஞ்சிடும்"னு ஆயிடுச்சு.

உள்ள என்ன நடக்குதுன்னா, அரிசி மாவுச்சத்துல அமைலோஸ், அமைலோபெக்டின்னு ரெண்டு இருக்கு. வேகும்போது ரெண்டும் தண்ணி குடிச்சு உப்பி கலஞ்சு போயிடும், அப்ப நம்ம குடல்ல இருக்கிற என்சைம் சுலபமா வெட்டி குளுக்கோஸா ஆக்கிடும். ஆறினதுக்கப்பறம் அமைலோஸ் சங்கிலிங்க மறுபடி பக்கத்துல பக்கத்துல ஒட்டி இறுகிக்கும், ஃப்ரிட்ஜ் சோறு வெறைச்சு பருக்க பருக்கயா நிக்குதுல்ல அதுக்கு காரணமே இதான். இறுகின இடத்துல என்சைமுக்கு வாய் வைக்க முடியாது, அது செரிக்காம பெருங்குடலுக்கு போய் அங்க இருக்கிற பாக்டீரியாவுக்கு தீனியாகும். எண்ணெய் விட்டா கொழுப்பு அமிலம் அமைலோஸ் சுருளுக்குள்ள போய் உக்காந்துக்கும், அதுவும் கொஞ்சம் தடுக்கும். சூடு பண்ணா போயிடுமான்னா, அமைலோபெக்டின் இறுகினது 60 டிகிரி கிட்டயே இளகிடும், அமைலோஸ் இறுகினது இளக 120 டிகிரிக்கு மேல வேணும், வீட்டு அடுப்புல சோத்த அந்த சூட்டுக்கு கொண்டு போக மாட்டோம். அதனால அந்த பங்கு அப்படியே இருக்கும். இது வரைக்கும் வீடியோ சொன்னது சரி.

இப்ப கணக்கு. நீங்க பி.காம், உங்களுக்கே புரியும். 10 மடங்குன்னா எதுல 10 மடங்கு? 2015லயே இந்தோனேசியால வெள்ள சோத்த அளந்து ஒரு பேப்பர் வந்துச்சு, 100 கிராம் சுடு சோத்துல ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச் 0.64 கிராம், 4 டிகிரில 24 மணி நேரம் வெச்சு திரும்ப சூடு பண்ணதுல 1.65 கிராம். அதாவது கூடுனது ஒரே ஒரு கிராம். சாதா மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி, ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச்சுக்கு கிட்டத்தட்ட 2 (பெருங்குடல்ல பாக்டீரியா நொதிக்க வெச்சு கொஞ்சம் நமக்கே திருப்பி குடுத்துடும்), அப்ப மிச்சம் 100 கிராம் சோத்துக்கு 2 கலோரி. சோத்துல இருக்கிறது 130 கலோரி. சரி, அந்த 10 மடங்கையே அப்படியே எடுத்துப்போம், 0.64 வந்து 6.4 ஆச்சுன்னா மிச்சம் 12 கலோரி கூட வராது, 130ல அது 9 சதவீதம். பாதி எங்கேர்ந்து வந்துச்சு?

இன்னொரு கூத்து, 200 கிராம் அரிசி வெந்தா கிட்டத்தட்ட 600 கிராம் சோறு, இந்தோனேசியா கணக்குப்படி பானைக்கு 12 கலோரி மிச்சம், அம்மா விடற ஒரு டீஸ்பூன் எண்ணெய் 40 கலோரி. லாபமா நஷ்டமான்னு நீங்களே டேலி போடுங்க.

ஆனா முழுக்க புருடான்னு சொல்லிட முடியாது. அதே இந்தோனேசியா ஆராய்ச்சில 15 பேருக்கு சோறு குடுத்து ரத்தத்துல சர்க்கர ஏற்றத்தையும் பாத்தாங்க, சுடு சோத்துக்கு 152, குளிர வெச்சு சூடு பண்ணதுக்கு 125 (ஏற்றத்தோட மொத்த பரப்புனு வெச்சுக்கங்க). சுகர் நோய் இல்லாதவங்க 15 பேரு, ஒரு வேள சாப்பாடு, அத மறக்கக்கூடாது. ஆக சுகர் ஏற்றம் கொஞ்சம் கொறையலாம், கலோரி கொறையாது. அப்பா ரெண்டு கரண்டி கூட போட்டா அந்த கொஞ்சமும் போச்சு, மேல கடன்.

நொய்யல்கரை அண்ணே, செவப்பு கறுப்புங்கற நெறத்துல ஒண்ணும் இல்ல, தவிடு எவ்ளோ மிச்சமிருக்கு, அமைலோஸ் எவ்ளோ, புழுங்கலா பச்சையா, இதுதான் பேசும். பாலீஷ் போட்ட மாப்பிள்ளை சம்பாவும் கடைல விக்கறான், பாத்து வாங்குங்க. சென்னைல மெட்ராஸ் டயபெடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன்காரங்க நார்ச்சத்து கூடின வெள்ளை அரிசி ரகத்தயே வெச்சு டெஸ்ட் பண்ணாங்க, கிளைசெமிக் இண்டெக்ஸ் (சாப்பாடு சுகர எவ்ளோ ஏத்துதுங்கற அளவு, வெறும் குளுக்கோஸ் 100) 79லேர்ந்து 61க்கு வந்துச்சு. பெரிய எறக்கம்தான், ஆனா 55க்கு கீழ இருந்தாத்தான் கம்மின்னு பேரு, 61 நடுத்தரம். ரகத்தயே மாத்தியும் அவ்ளோதான் எறங்குது, ஃப்ரிட்ஜ நம்பி என்ன சொல்றது.

பனங்கூடல்:

நான் கொழும்பில இருக்கிறன், ஊர் யாழ்ப்பாணம். அந்தச் செய்தி வந்த நேரம் இங்கயும் எல்லாரும் அதைத்தான் கதைச்சவை, வெளிநாட்டுப் பேப்பரில எங்கட நாட்டுப் பெயர் நல்ல விஷயத்துக்கு வந்திட்டுது எண்டு ஒரு புளுகம். எனக்கும் சீனி வருத்தம் இருக்கு. எங்கட ஆக்களிட பிரச்சனை என்னெண்டால், சிவப்பரிசி எண்டாப் பயமில்லை எண்டு சொல்லி மலை மாதிரிப் போட்டுச் சாப்பிடுறது. உங்கட அப்பா செய்யிறதும் அதுதான் தம்பி. ஏதோ ஒண்டு நல்லது எண்டு கேட்டவுடன கோப்பை பெரிசாகுது.

மணி, 38 ரகத்திலயும் ஒரே மாதிரி 10 மடங்கு வரேல்லைத்தானே? நான் அப்ப வாசிச்ச ஞாபகம், ஏற்கனவே கூட இருந்த ரகங்களில அவ்வளவு ஏறேல்லை எண்டு.

மாவுச்சத்து_மணி:

ஆமா அக்கா, ரகத்துக்கு ரகம் மாறும். 10 மடங்குங்கறது நல்லா வந்த ஒண்ண காட்டி சொன்னது. அமைலோஸ் ரொம்ப கம்மியா இருக்கிற ஒட்டரிசில எவ்ளோ நேரம் ஃப்ரிட்ஜ்ல வெச்சாலும் இந்த வேல பெருசா நடக்காது, இறுகறதுக்கு ஆளு வேணும்ல.

டீக்கடை_பெஞ்சு:

தியரி எல்லாம் சரி பாஸ், நானே குளுக்கோமீட்டர்ல பாத்தேன். சுடு சோறு சாப்ட்டு 2 மணி நேரத்துல 212, ஃப்ரிட்ஜ் சோறு சாப்ட்டு 186. 26 பாயிண்ட் எறங்கிருக்கு, இதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும்

மாவுச்சத்து_மணி:

பாஸ் தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டு மீட்டருக்கு இருக்கிற சர்வதேச தரமே 100க்கு மேல போன ரீடிங்ல 15 சதவீதம் மேல கீழ இருக்கலாம்னு அனுமதிக்குது. 212ல 15 சதவீதம்னா 32. உங்க 26 அதுக்குள்ளயே ஒளிஞ்சிக்கும். அது போக அன்னைக்கு தூக்கம் எப்படி, முந்தின வேள என்ன, சாம்பார்ல பருப்பு எவ்ளோ, நடந்தீங்களா, எல்லாமே ஆட்டும்.

லேப்ல கிளைசெமிக் இண்டெக்ஸ் எப்படி பாக்கறாங்கனு சொல்றேன், டொரண்டோல டேவிட் ஜென்கின்ஸ் 1981ல ஆரம்பிச்சு வெச்சது. கொறஞ்சது 10 ஆரோக்கியமான ஆளுங்க, ராத்திரி பட்டினி, 50 கிராம் செரிக்கக்கூடிய மாவுச்சத்து வர்ற அளவுக்கு எடை போட்ட சாப்பாடு, 15, 30, 45, 60, 90, 120 நிமிஷத்துல ரத்தம். அதே ஆளுங்களுக்கு வேற நாள்ல வெறும் குளுக்கோஸ் குடுத்து அதயும் ஒரு தடவைக்கு மேல பாத்து, அத 100னு வெச்சு ஒப்பிடணும். இவ்ளோ பண்ணியுமே ஆளுக்கு ஆளு நம்பர் தாறுமாறா வரும், சராசரிதான் நிக்கும். நீங்க பாக்கணும்னா தராசுல எடை போட்டு ஒரே அளவு சோறு, ஒரே குழம்பு, ஒரே நேரம், மாத்தி மாத்தி பல தடவ பாருங்க, அப்பவும் வித்தியாசம் அதே பக்கமே நின்னுச்சுன்னா நம்பலாம்.

இதவிட சுலபமா ஒண்ணு இருக்கு. நியூயார்க்ல வெயில் கார்னெல்ல 2015ல ஒரு சின்ன ஆராய்ச்சி, சுகர் இருக்கிற 11 பேரு, எல்லாரும் மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரைல இருக்கிறவங்க. ஒரே சாப்பாடுதான், காய்கறியும் கோழியும் மொதல்ல சாப்ட்டு 15 நிமிஷம் கழிச்சு ரொட்டியும் ஆரஞ்சு ஜூஸும் எடுத்துக்கிட்டா, வரிசைய மாத்தி சாப்ட்டதவிட ஒரு மணி நேரத்துல சர்க்கர 37 சதவீதம் கம்மி. 11 பேருதான், அதுவும் அவன் சாப்ட்டது ரொட்டி, நம்ம மாதிரி சாம்பார் ஊத்தி பிசைஞ்சு அடிக்கல. இருந்தாலும் பொரியல், கூட்டு, முட்ட எதுவோ அத மொதல்ல காலி பண்ணிட்டு சோத்துக்கு போறதுக்கு காசா பணமா.

கிள்ளான்_தமிழன்:

மலேசியாலேர்ந்து எழுதறேன், டாபிக்க விட்டு கொஞ்சம் வெளிய போறேன். அரிசிய வெச்சு மனுசங்ககிட்ட பண்ண பழைய ஆராய்ச்சி ஒண்ணு எங்க ஊர்லதான் நடந்துச்சு. 1900கள்ல மலாயால பெரிபெரிங்கற நோயில ஆளுங்க கொத்து கொத்தா செத்துக்கிட்டிருந்தாங்க, ஆனா புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழ் தோட்டத் தொழிலாளிங்களுக்கு அது அவ்வளவா வரல, பாலீஷ் போட்ட வெள்ள அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளிங்களுக்குதான் அதிகம். வில்லியம் ஃபிளெச்சர்ங்கற டாக்டர் கோலாலம்பூர் மனநோய் விடுதில இருந்தவங்கள வரிசைல நிக்க வெச்சு ஒத்தப்பட இரட்டப்பட நம்பர் போட்டு பிரிச்சாரு, ஒரு பக்கத்துக்கு வெள்ள அரிசி, இன்னொரு பக்கத்துக்கு புழுங்கல். வெள்ள அரிசி பக்கம்தான் நோய் கெளம்புச்சு, சாவும் விழுந்துச்சு. 1907ல லான்செட்ல வந்துச்சு. நெல்ல புழுக்கும்போது தவிட்டுல இருக்கிற தயமின் (வைட்டமின் பி1, அது பத்தாமத்தான் பெரிபெரி வருது) அரிசிக்குள்ள எறங்கிடுதுங்கற வெவரம் பின்னாடிதான் தெரிஞ்சுது. அந்த விடுதி ஆளுங்கள யாரு கேட்டா சம்மதமானு, இன்னிக்கு எந்த எத்திக்ஸ் கமிட்டியும் வாசப்படி ஏத்தாது. ஆனா நம்மாளுங்க புழுங்கல் சாப்ட்டது வீண் போகல.

நொய்யல்கரை:

அதத்தானுங்க நானும் சொல்றேன், பழசுல வெவரம் இருக்குன்னு. மணி தம்பி பழைய சோத்த பத்தி மட்டும் வாயத் தொறக்க மாட்டேங்கறாரு பாருங்க.

கேட்டரிங்_கண்மணி:

பழைய சோத்துக்கு நான் சொல்றேன், பெரிய கிச்சன் பாத்துக்கறவ நான். அதுவும் ஃப்ரிட்ஜ் சோறும் ஒண்ணு இல்ல. பழைய சோறு தண்ணிக்குள்ள மூழ்கி புளிக்குது, புளிப்பு பாக்டீரியா பெருகி அமிலம் ஏறுது, அதுனால கெட்ட கிருமி வளர எடம் கம்மியாகுது. ஸ்டான்லி ஆஸ்பத்திரிலயே குடல் நோய்க்கு பழைய சோத்த வெச்சு ஆராய்ச்சி எடுத்தாங்க. ஆனா சுகருக்கு மருந்துன்னு யாரும் சொல்லல, அதுவும் சோறுதான், அப்பத்தா வயல்ல பகல் பூரா குனிஞ்சு நிமிந்தாங்க அண்ணே, அத கணக்குல விட்டுட்டீங்க.

தண்ணி ஊத்தாத சோத்த வெளிய வெக்கறதுதான் ஆபத்து. பேசிலஸ் சீரியஸ்னு ஒரு கிருமி, அதோட வித்து அரிசிலயே இருக்கும், வேக வெச்சாலும் சாகாது. சோறு வெதுவெதுன்னு கெடந்தா முளைச்சு பெருகி வாந்தி வர்ற விஷத்த கக்கி வெச்சிடும். அந்த விஷம் கொதிக்க வெச்சாலும் போகாது, அதனால "நல்லா சூடு பண்ணிட்டேன்"ங்கறது பேச்சே இல்ல. வடிச்ச உடனே அகலமான தட்டுல பரத்தி ஆற வெச்சு, ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்க்குள்ள போயிடணும். பானையோட அப்படியே உள்ள தள்ளாதீங்க, நடுவுல சூடு அடங்க ரொம்ப நேரம் ஆகும். அம்மா எப்படி வெக்கறாங்க, அத மொதல்ல கேளுங்க.

மலைக்கோட்டை_மாடிவீடு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கேட்டேன், பானையோடதான் வெக்கறாங்களாம், அதுவும் பத்து மணி சீரியல் முடிஞ்சப்பறம்தான் 🤦 எட்டு மணிக்கு வடிச்சது. இனிமே தட்டுல பரத்த சொல்லிட்டேன். எண்ணெய நிறுத்திடலாம்ல? மணி அண்ணா கணக்க அப்பாகிட்ட பேப்பர்ல போட்டு காட்டினேன், 2 கலோரினு பாத்ததும் கொஞ்ச நேரம் பேசல, அப்பறம் "அப்ப நாளைலேர்ந்து சோறே வேணாம், ரெண்டு சப்பாத்தி போதும்"னு கோவிச்சுக்கிட்டாரு. அப்படி ஒரேயடியா நிறுத்தலாமா? மாத்திரை மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும்.

மாவுச்சத்து_மணி:

எண்ணெய நிறுத்திடுங்க, புழுங்கலரிசியா இருந்தா அதயே தொடருங்க, ஆனா சோத்த ஒரேயடியா நிறுத்த வேணாம். மெட்ஃபார்மின் மட்டும்னா பயம் கம்மி. கிளிமிபிரைடு சாப்பாடு வந்தாலும் வராட்டியும் இன்சுலின சுரக்க வைக்கும், மாத்திரை அதே டோஸ்ல இருக்க சாப்பாட்ட திடீர்னு கொறச்சா லோ சுகர் ஆகி வேர்த்து கொட்டி மயக்கம் வரலாம். டாக்டர்கிட்ட சாப்பாடு அளவ கொறைக்கப் போறோம்னு சொல்லிட்டு டோஸ பாத்து அப்பறம் கொறைங்க. அது வரைக்கும் அந்த கூடுதல் ரெண்டு கரண்டிய மட்டும் எடுங்க, வீடியோவுக்கு முன்னாடி சாப்ட்ட அளவு போதும். பொரியல் தட்டுக்கு மொதல்ல வரட்டும். அப்பறம் சப்பாத்தியும் மாவுச்சத்துதான், அத ரெண்டோட நிப்பாட்டுவாரான்னு அம்மாகிட்ட கேட்டுக்கங்க.