மயோஜெனின் ஆன்டிபாடி போட்டா நியூக்ளியஸ் மினுங்கவே மாட்டேங்கு, உதவுங்க

பாளை மாணவி:
மூணு தடவ பண்ணிட்டேன், மூணும் போச்சி. சி2சி12 (சுண்டெலி தசை செல்) நல்லா நெருங்கி வளந்ததும், தசை டியூபா மாறட்டும்னு 2% குதிரை சீரத்துக்கு மாத்தி மூணாம் நாள் ஃபிக்ஸ் பண்ணி (செல்ல மருந்து போட்டு அப்படியே நிறுத்தி) எஃப்5டி (மயோஜெனின பிடிக்க ஆன்டிபாடி) போட்டு ராத்திரி பூரா 4 டிகிரில வச்சேன், காலைல பாத்தா செல் முழுக்க மங்கலா பச்சையா கெடக்கு, நியூக்ளியஸ்ல ஒண்ணுமே இல்ல. ஆனா பக்கத்து வெல்ல (தட்டுல உள்ள குழி) போட்ட எம்எஃப்20 (தசைப் புரதம் மயோசின பிடிக்க ஆன்டிபாடி) ஜோரா வந்துருக்கு, நீள நீளமா டியூப் தெரியுது. ஆன்டிபாடி கெட்டுட்டோ? புதுசு வாங்கணும்னு ஆராய்ச்சி கைடுட்ட கேக்கவே பயமா இருக்கு.

தச்சநல்லூர் அண்ணாச்சி:
பொறு தாயி, இப்பவே ஆர்டர் போட்றாத. ஃபிக்ஸ் பண்ணப்புறம் பெர்மியபிலைஸ் (செல் சவ்வுல ஓட்டை போடுதது) எதுல பண்ணுன?

பாளை மாணவி:
தனியா ஒண்ணும் பண்ணல அண்ணாச்சி, வாஷ் பண்ணுத பிபிஎஸ் உப்புக்கரைசல்ல 0.05% ட்வீன் சோப்பு இருந்துச்சி, அதுவே போதும்னு விட்டுட்டேன்.

தச்சநல்லூர் அண்ணாச்சி:
அப்போ அதான் கோளாறு. மயோஜெனின் ஜீனை ஆன் பண்ணுத புரதம், இருக்கது நியூக்ளியஸுக்குள்ள. எம்எஃப்20 பிடிக்க மயோசின் சைட்டோபிளாசத்துல குமிஞ்சி கெடக்கு, ஓட்டை அரைகுறையா விழுந்தாலும் மாட்டிக்கிடும். 4% பாராஃபார்மால்டிஹைடு 15 நிமிஷம், பொறவு ஓட்டை போட 0.3% டிரைட்டான் சோப்பு 10 நிமிஷம், அதுக்கப்புறம் பிளாக் பண்ணு (ஆன்டிபாடி கண்ட எடத்துல ஒட்டாம தடுக்கது). சீரம் மாத்தாத 0-ம் நாள் செல்லும் ஒரு வெல் வை, அதுலயும் எல்லா நியூக்ளியஸும் மினுங்குனா நம்பிறாத.

தென்காசி அக்கா:
பிரைமரி (எஃப்5டி) இல்லாம, அதைப் பிடிச்சி மினுங்குத செகண்டரி ஆன்டிபாடி மட்டும் போட்டு ஒரு வெல் கண்டிப்பா வைம்மா, அந்த மங்கல் பச்சை எங்கருந்து வருதுன்னு அதுலதான் தெரியும். இன்னொண்ணு, நாளைக்கு சுண்டெலி தசைய வெட்டி இதே ஆன்டிபாடி போடுததா இருந்தா கவனம், எஃப்5டியும் சுண்டெலி ஆன்டிபாடிதான், அதனால தசைக்குள்ள இருக்க சுண்டெலியோட சொந்த ஆன்டிபாடி ஐஜிஜியவே செகண்டரி பிடிச்சிக்கிடும். நான் ரெண்டு மாசம் அதைத்தான் சிக்னல்னு நெனச்சி எண்ணிட்டு இருந்தேன்.

பாளை மாணவி:
அண்ணாச்சி வந்துட்டு!! நியூக்ளியஸ காட்டுத டாப்பி சாயத்தோட நீலத்து மேலயே பச்சை உக்காந்துருக்கு, ஒரே டியூப்ல எட்டு நியூக்ளியஸ் பாசி கோத்த மாதிரி வரிசையா நிக்கி. 0-ம் நாள்ல அங்கங்க ஒண்ணு ரெண்டுதான், பிரைமரி இல்லாதது சுத்த இருட்டு. அக்காவுக்கும் ரொம்ப நன்றி. எஃப்5டியும் எம்எஃப்20யும் ஒரே வெல்ல போடலாமா, ரெண்டும் மவுஸ் (சுண்டெலி) ஆன்டிபாடிலா?

தென்காசி அக்கா:
போடலாம். எஃப்5டி ஐஜிஜி1 வகை, எம்எஃப்20 ஐஜிஜி2பி வகை, அந்தந்த வகைய மட்டும் பிடிக்க செகண்டரியா ரெண்டு கலர்ல வாங்கிக்க. சாதா ஆன்டி-மவுஸ் போட்டா ரெண்டையும் சேத்து பிடிச்சிரும்.