விரட்டப்பட்ட கௌச்சோ எப்படி அர்ஜென்டினாவின் அடையாளமானான்?

கேள்வி – வாசகர்

வணக்கம். சில மாதங்களாக அர்ஜென்டினாவின் வரலாற்றைப் படித்து வருகிறேன். பாம்பாஸ் புல்வெளியில் மாடு மேய்த்து, குதிரையே வீடாக வாழ்ந்த கௌச்சோக்களை 19ஆம் நூற்றாண்டின் ஆட்சியாளர்கள் நாகரிகத்துக்குத் தடையாகவே கண்டனர். 1845இல் 'ஃபகுந்தோ' நூலில் அவர்களது வாழ்வைக் காட்டுமிராண்டித்தனத்தின் பக்கம் நிறுத்திய சர்மியெந்தோ, 1868இல் குடியரசுத் தலைவரும் ஆனார். அதே நாடு இன்று நவம்பர் 10ஐ, கௌச்சோவைப் போற்றும் மரபு நாளாகக் கொண்டாடுகிறது. இந்த மாற்றம் யாரால், எதற்காக நேர்ந்தது?

மறுமொழி 1

முதலில் விரட்டப்பட்ட விதத்தைப் பார்க்க வேண்டும். 1815இல் புவெனஸ் ஐரிஸ் மாகாணத்தில் வந்த ஆணையின்படி, சொத்தில்லாத நாட்டுப்புறத்து ஆண்மகன் எவனும் முதலாளி கையெழுத்திட்ட சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும்; இல்லையேல் அவன் நாடோடி, அவனுக்குப் படைச் சேவைதான் தண்டனை. நூற்றாண்டின் பிற்பகுதியில் முள்கம்பி வேலிகள் பரவியதும், எவருக்கும் சொந்தமில்லாதிருந்த புல்வெளி பண்ணைகளாகத் துண்டுபட்டது. ஹோசே ஹெர்னாண்டஸ் 1872இல் வெளியிட்ட 'மார்ட்டின் ஃபியரோ' என்னும் கவிதை நூல் இந்த அநீதியைத்தான் பாடுகிறது: எல்லைக் கோட்டைக்குப் பிடித்துச் செல்லப்பட்டு, கூலியும் கிடைக்காமல் தப்பி வரும் ஒருவன், தன் குடிசை பாழாகி, மனைவியும் மக்களும் போன இடம் தெரியாமல் நிற்கிறான். புல்பெரியா எனப்படும் நாட்டுப்புறக் கடைகளில் மற்றச் சரக்குகளோடு அந்நூலும் விற்றது. எழுத்தறியாதவர்கள் கூடியிருக்க ஒருவர் உரக்கப் படித்தார். நீங்கள் குறிப்பிட்ட நவம்பர் 10 ஹெர்னாண்டஸின் பிறந்த நாளே.

மறுமொழி 2

எதற்காக என்ற கேள்விக்கு, குடியேற்றத்தைச் சொல்லாமல் விடை தர இயலாது. 1914ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டு மக்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். தலைநகரில் அது பாதியை நெருங்கியது. இத்தாலியரும் ஸ்பானியரும் நிறைந்த தெருக்களைக் கண்டு கலங்கிய மேல்தட்டினருக்கு, மண்ணின் மைந்தன் ஒருவன் தேவைப்பட்டான். 1913இல் கவிஞர் லுகோனஸ் தலைநகரின் ஓர் அரங்கில் தொடர் சொற்பொழிவாற்றி, ஹெர்னாண்டஸின் கவிதையை நாட்டின் காவியம் என அறிவித்தார். வேலிக்கு அப்பால் தள்ளப்பட்ட கௌச்சோ அதற்குள் யாரையும் எதிர்க்கும் நிலையில் இல்லாததால்தான் அவனைப் போற்றுவது எளிதாயிற்று என்பது என் உறுதியான எண்ணம்.

மறுமொழி 3

மேல்தட்டினரின் சூழ்ச்சி என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. 1884இல் சர்க்கஸ் வளையத்துக்குள் 'ஹுவான் மொரெய்ரா' என்ற கௌச்சோ கதையை ஊமைக்கூத்தாக நடித்து மக்களை ஈர்த்த பொதெஸ்தா குடும்பத்தார், ஜெனோவாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளே. வந்தேறிகளும் கௌச்சோவைத் தாமாகவே விரும்பி ஏற்றனர். இன்னொன்றையும் மறக்கலாகாது: கௌச்சோ சுழற்றி எறிந்த பொலெயதோராஸ், தோல்வாரில் கட்டிய கல் உருண்டைகள், பூர்வகுடிகளின் கருவி. அவன் அணிந்த காலணியோ, குதிரைக் குட்டியின் பின்னங்கால் தோலை அப்படியே உருவி, ஈரம் காயுமுன் தன் காலில் மாட்டிப் பதமாக்கியது. விரல்கள் வெளியே தெரியும். அந்தப் பூர்வகுடிகளோ, கௌச்சோவைப் போற்றிய காலத்திலும் தேசியப் படத்தில் இடம்பெறவில்லை.

மறுமொழி 4

இன்றும் அர்ஜென்டினாவில் கைம்மாறு கருதாமல் செய்யும் உதவியை 'கௌச்சாதா' என்கிறார்கள். ஆட்சியாளர் இகழ்ந்த பெயர் மக்கள் நாவில் நன்மையின் பெயராயிற்று. ஆனாலும் எனக்கொரு வருத்தம் உண்டு. மரபு நாளை புவெனஸ் ஐரிஸ் மாகாணம் சட்டமாக்கியது 1939இல். கௌச்சோவின் வழித்தோன்றல்களாகிய பண்ணைக் கூலியாட்களுக்குக் குறைந்தபட்ச ஊதியத்தையும் ஓய்வையும் உறுதிசெய்த பண்ணையாள் சட்டம், பின்னாளில் குடியரசுத் தலைவரான பெரோன் தொழிலாளர் துறையில் இருந்தபோது 1944இல்தான் வந்தது. மாட்டை மேய்த்தவனுக்கு முன்பே அவனுடைய உருவத்துக்கு மரியாதை கிடைத்துவிட்டது.