டீமன், சர்வீஸ்: தமிழில் எதை எழுதுவது?

எல்லோருக்கும் வணக்கம்.

சொந்தக் கணினியில் நிறுவி நடத்தும் வழங்கி மென்பொருள் ஒன்றின் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். முனையச் சாளரத்தை மூடினால் நிரலும் நின்றுவிடும் என்பதால், அதை லினக்ஸில் நிரல்களைத் தொடங்கி மேற்பார்க்கும் சிஸ்டம்டியிடம் ஒப்படைத்து, யாரும் உள்நுழையாதபோதும் ஓடவைக்கச் சொல்கிறது ஓர் இயல். இப்படிப் பின்னணியில் ஓடும் நிரலை ஆங்கிலத்தில் டீமன் என்றும் சர்வீஸ் என்றும் சொல்கிறார்கள். தமிழில் என்ன பெயர்? வெறும் 'சேவை' என்றால் சர்வரைச் 'சேவையகம்' என்று எழுதிப் பழகியவர்கள் குழம்புவார்கள். 'பணி' என்பதைக் கிரான் குறித்த நேரத்தில் செய்யும் வேலைகளுக்கு வைத்துவிட்டேன்.

———

தம்பி, 'ஏவல்' இருக்க ஏன் தேடுகிறீர்கள்? 1963 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடியில் நடந்த மேக் என்னும் கணினி ஆய்வுத் திட்டத்தில் டீமன் என்று பெயரிட்டவர்கள் இயற்பியலாளர் மேக்ஸ்வெல்லின் பூதத்தை மனத்தில் வைத்தே பெயரிட்டார்கள்: மறைந்திருந்து ஓயாமல் மூலக்கூறுகளைப் பிரிக்கும் கற்பனை உயிர் அது. ஏவிவிட்டால் மறைந்திருந்து வேலை செய்வது நமக்கு ஏவல்தானே? ஏவலர், ஏவுகணை எல்லாம் அந்த வேர்தான். ஆண்டாள் சொன்ன 'குற்றேவல்' முழுக்கத் தொண்டு. குறுமை + ஏவல். ஈறு போய், தன்னொற்று இரட்டிக் குற்றேவல். அதையே வைத்தாலும் எனக்குச் சம்மதம். 'சேவை' வடசொல், 'பூதம்' என்றாலும் வடசொல்.

———

ஐயா, ஏவல் நல்ல சொல், மறுக்கவில்லை. ஆனால் இலக்கணம் படித்தவருக்கு அது 'வா', 'போ' என்னும் வினைமுற்று. மற்றவருக்குப் பில்லி சூனியம். நள்ளிரவில் வழங்கி நின்றுபோய், திரையில் 'ஏவல் தோல்வியடைந்தது' என்று வந்தால், தட்டிய கட்டளையில்தான் பிழை என்று நினைத்து அதையே திரும்பத் திரும்பத் தட்டுவார்கள். பிழைகள் பதிவாகும் பதிவேட்டைத் (லாக்) திறந்து பார்க்கத் தோன்றாது. 'பின்னணிச் சேவை தோல்வியடைந்தது' என்றால் எது நின்றது என்று உடனே தெரியும்.

அப்புறம், எனக்கு இதைவிடப் பெரிய கவலை வினைச்சொற்கள்தான். சிஸ்டம்டி கட்டளைகளில் 'ஸ்டார்ட்' இப்போதே ஓடவைக்கும். 'எனேபிள்' அடுத்த முறை கணினி எழும்போது தானாக ஓட ஏற்பாடு செய்யும். இரண்டையும் 'செயல்படுத்து' என்று எழுதினால் படிப்பவர் ஒன்றை மட்டும் செய்துவிட்டுப் போவார். இன்று நன்றாக ஓடும், மின்சாரம் போய் வந்தால் ஓடாது. 'தொடங்கு', 'தானாகத் தொடங்கச் செய்' என்று பிரித்திருக்கிறேன். நீளம்தான், ஆனால் தவறாகப் புரியாது.

———

பெரும்பாலோர் 'பின்னணிச் சேவை' பக்கம் போய்விட்டார்கள். சரி, கெடு இருக்கிறது, அப்படியே போகட்டும். ஆனால் கலைச்சொல் பட்டியலில் 'ஏவல்' மாற்றுச்சொல்லாகவாவது இருக்க வேண்டும், தம்பி. 'தானாகத் தொடங்கச் செய்' என்று நீங்கள் மூன்று சொல்லில் நீட்டியதை 'நிலையேவல்' என்று ஒன்றில் முடித்திருக்கலாம்.